சனி, ஞாயிறு கிடைக்காதவனுக்கு ஏற்ற தன்னார்வ வேலை இருக்கிறதா?

ஷிஃப்ட்காரன் (சென்னை), பிப்ரவரி 12, இரவு 11:40

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிப்பவன், எழுதுவது முதல் தடவை.

வயது 36. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் சர்வர் பராமரிப்பு வேலை. மாதத்தில் இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. வார விடுமுறை செவ்வாயும் புதனும். ஊரே காலை நீட்டிப் படுக்கும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை நாள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறவில்லை. நண்பர்கள் ஒரு ஷீட்டைப் பகிர்ந்தார்கள். உதவி கேட்டு வந்த எண்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போன் போட்டு, "படகு வந்துவிட்டதா, சாப்பாடு இன்னும் வேண்டுமா" என்று கேட்டு, முடிந்ததைப் பச்சையாக்குவது என் பங்கு. பாதிக்கு மேல் முந்தைய நாளே தீர்ந்துபோன கோரிக்கைகள், வாட்ஸப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் நான் கற்ற வித்தை யாருக்கோ உதவுகிறது என்று அப்போதுதான் தோன்றியது. அதற்குப் பிறகு அப்படி ஒன்று அமையவே இல்லை.

போன வருடம் ஒரு சிறுவர் இல்லத்தில் ஞாயிறு காலை கணக்கு சொல்லித்தர ஒப்புக்கொண்டேன். ஷிஃப்ட்டை மாற்றி மாற்றிக் கெஞ்சியும் எட்டு ஞாயிற்றில் மூன்றுக்குத்தான் போக முடிந்தது. மூன்றாவது தடவை போனபோது ஒரு பையன் நோட்டைத் திறந்து காட்டினான். நான் மூன்று வாரத்துக்கு முன் பாதியில் விட்ட பின்னக் கணக்கு அப்படியே இருந்தது, கீழே இரண்டு பக்கம் காலி. "நீங்க வந்து முடிப்பீங்கன்னு விட்டு வச்சேன் சார்" என்றான். அதோடு நின்றுவிட்டேன்.

எக்செல் நன்றாக வரும். தமிழ் பிழையில்லாமல் எழுதுவேன். பைக் இருக்கிறது. மேடையில் பேசச் சொன்னால் ஓடிவிடுவேன். இந்த லட்சணத்துக்கு என்ன வேலை கிடைக்கும்?

கணக்குப்பிள்ளை (தாம்பரம்), பிப்ரவரி 13, காலை 6:15

தம்பி, முதலில் ஒரு தாளில் நாலு வாரத்துக்குக் கட்டம் போடுங்கள். தூக்கம், ஆபீஸ், போக வர ஆகும் நேரம், வீட்டு வேலை எல்லாவற்றையும் அடியுங்கள். மிச்சம் வருவதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதி, வரப்போகும் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும்.

அப்புறம், "எனக்கு எது பிடிக்கும்" என்று யோசிப்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வராவிட்டால் அன்றைக்கு யார் காத்திருப்பார்கள்? ஆள் காத்திருக்கும் வேலை ஒன்று, தாள் காத்திருக்கும் வேலை ஒன்று. நீங்கள் எடுத்துக்கொண்டது ஆள் காத்திருக்கும் வேலை, கையில் இருந்ததோ தாள் காத்திருக்கும் நேரம். உங்கள் குணத்தில் கோளாறு எதுவும் இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வங்கியில் 34 வருடம். ஓய்வு பெற்றதும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் "ஏதாவது செய்கிறேன்" என்றேன். அந்த "ஏதாவது"தான் தப்பு. பிறந்தநாளுக்குச் சோறு போட வருகிறவர்களுக்குப் பொன்னாடை எடுத்துக் கொடுக்க வைத்தார்கள். தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டு ஆறு பேர் நிற்கும் புகைப்படத்தில் நானும் இருக்கிறேன். நாலு மாதம் பொறுத்துப் பார்த்து விலகினேன்.

அடுத்து வேறொரு சின்ன அறக்கட்டளை. இந்தத் தடவை போனதுமே கேட்டேன், "உங்கள் கணக்கை யார் எழுதுகிறார்கள்?" மேலாளர் அம்மா பீரோவைத் திறந்து ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே முழுக்க நன்கொடை ரசீதின் அடிக்கட்டைகள். 80ஜி சலுகை (நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை) உள்ள அறக்கட்டளைகள் கொடையாளர் விவரத்தை வருமான வரித் துறைக்கு மே 31-க்குள் கொடுக்க வேண்டும் என்ற விதி 2022-இல்தான் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய். அந்தப் பெட்டியில் பான் எண் இல்லை, முகவரி இல்லை. ஒரு ரசீதில் "மாடி வீட்டு மாமி 500" என்று மட்டும் இருந்தது. எந்த மாடி, எந்த வீடு?

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. ஏப்ரல், மே மாதங்களில் கழுத்துவரை இருக்கும், மற்ற மாதங்களில் வாரம் இரண்டு மணி நேரம். எக்செல் தெரிந்த ஆள் என்று சொன்னீர்களே, சின்ன அறக்கட்டளைகள் உங்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள்.

மெய்ப்பர் (கோவை), பிப்ரவரி 13, காலை 9:02

"தாள் காத்திருக்கும் வேலை" என்று சார் சொன்னதும் எனக்கு விக்கிமூலம் என்ற இணைய நூலகம் ஞாபகம் வந்தது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் ஏராளமாக அங்கே மின்வருடலாக ஏறியிருக்கின்றன. ஒரு பக்கம் பழைய தாளின் படம், மறுபக்கம் எந்திரம் படித்துக் கொடுத்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம். இரவு ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வராமல் புரளும் நேரத்திலும் செய்யலாம். பாதியில் விட்டால் யாரும் நோட்டைத் திறந்து காட்ட மாட்டார்கள்.

சுலபம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எந்திரம் "அவர்" என்பதை "அவா்" என்று தரும். கவனித்தீர்களா? ரகரத்துக்குப் பதில் துணைக்கால், அதன் தலையில் புள்ளி. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் தேடினால் அகப்படாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகம் என்றால் இன்னொரு தொல்லை, ணை, லை, ளை, னை எல்லாம் துதிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும். எந்திரம் அங்கே திணறி எதையோ எழுதிவைக்கும்.

திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். இரண்டாவது ஆள் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். முகம் தெரியாத யாரோ ஒருவர் என் தப்பைத் திருத்திவிட்டுப் போயிருப்பார், நான் அவர் தப்பைத் திருத்தியிருப்பேன்.

எழுதுகிறவள் (திருச்சி), பிப்ரவரி 13, மதியம் 1:30

செவ்வாய், புதன் விடுமுறை என்பதை ஏதோ குறை மாதிரி எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. எங்களுக்கு அது தங்கம்.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தரும் குழுவில் இருக்கிறேன். கல்லூரித் தேர்வுகள் வார நாட்களில்தான் நடக்கும். உதவ வருகிறவர்களோ ஞாயிற்றுக்கிழமை ஆட்கள். செமஸ்டர் நேரத்தில் குழுவில் "நாளைக் காலை 10 மணி, யாராவது?" என்று செய்தி வந்துகொண்டே இருக்கும்.

இந்த வேலையில் கை எழுதும், வாயைக் கட்டிப்போட வேண்டும். கேள்வியை அவர் கேட்கிறபடி இரண்டு தடவையானாலும் படிக்க வேண்டும். சொன்னதை மட்டும் எழுத வேண்டும். ஒரு வரலாற்றுத் தேர்வில் அந்தப் பெண் வருடத்தைத் தப்பாகச் சொன்னாள், எனக்குச் சரியான வருடம் தெரியும். பேனா ஒரு நொடி நின்றது. அவளுக்கு அந்த நிறுத்தமே புரிந்துவிட்டது. "அக்கா, நான் சொன்னதையே எழுதுங்க" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது விதி. அதனால் மூன்று மணி நேரத் தேர்வு நாலு மணி நேரம் ஆகும்.

ஆனால் ஒரு சிக்கல். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, தேர்வர் தாமே கூட்டிவரும் எழுத்தரின் படிப்பு அவருடைய படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களும் தேர்வாணையங்களும் தனித்தனி விதி வைத்திருப்பதால் ஒவ்வொரு தேர்வுக்கும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நீங்கள் பொறியியல் முடித்திருந்தால் பி.ஏ. மாணவருக்கு எழுத அனுமதி கிடைப்பது கஷ்டம். படித்தது இடைஞ்சலாகும் ஒரே தொண்டு இதுதான் என்று எங்கள் குழுவில் கேலி செய்வோம்.

அதற்குப் பதில் பாடப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுங்கள், அல்லது திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்) படிக்கிற மாதிரி யூனிகோடில் மாற்றிக் கொடுங்கள். மெய்ப்பர் சொன்ன "அவா்" சமாசாரம் இங்கே உயிர்நாடி. திரைவாசிப்பான் அதைக் கண்டால் உளறிக் கொட்டும். படிக்க முடியாதவர்களுக்காக நூலை வேறு வடிவத்துக்கு மாற்ற 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது, பயப்பட வேண்டாம்.

வெறும்வாய், பிப்ரவரி 13, மாலை 4:48

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். கல்லூரி ஏன் சம்பளம் கொடுத்து எழுத்தரை வைக்கக் கூடாது? பள்ளியில் ஏன் ஆசிரியர் இல்லை? அரசும் நிர்வாகமும் செய்ய வேண்டியதை நீங்கள் ஓசியில் செய்துகொடுத்தால் அந்தப் பணியிடம் எந்தக் காலத்திலும் நிரம்பாது. கடைசியில் செல்ஃபி மட்டும்தான் மிச்சம்.

திண்ணைப்பள்ளி (திண்டிவனம் பக்கம்), பிப்ரவரி 13, இரவு 8:20

வெறும்வாய் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். நான் 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலராக இருந்தவள். கொரோனாவில் பள்ளி மூடி, பிள்ளைகள் எழுத்தையே மறந்திருந்த நேரம், 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம்தான் தொடங்கிவைத்தார்கள். மாலை ஒன்றரை மணி நேரம், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. சம்பளம் என்றும் சொல்ல முடியாது, சும்மா என்றும் சொல்ல முடியாது. அந்த ஆயிரத்தில் சாக்பீஸும் சுண்டலும் வாங்கிய மாதங்கள் உண்டு.

மீதிப் பாதிக்கு வருகிறேன். எங்கள் திண்ணையில் உட்கார்ந்த நாலாம் வகுப்புப் பையனுக்கு 'ப'வுக்கும் 'ம'வுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பணியிடம் நிரப்பக் கோரி மனு கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மனுவுக்குப் பதில் வரும்வரை அவனை நாலாம் வகுப்பிலேயே நிறுத்திவைக்க முடியாதே.

வெறும்வாய், பிப்ரவரி 13, இரவு 8:41

சரிங்க. செல்ஃபி என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். மற்றது அப்படியேதான்.

ஈரமணல் (சென்னை), பிப்ரவரி 14, காலை 5:50

இப்போதுதான் கடற்கரையிலிருந்து வீட்டுக்கு வந்தேன், காலில் மணல் போகவில்லை.

ஷிஃப்ட்காரரே, விடிகாலை 3 மணிக்குக் கொட்டக்கொட்ட விழித்திருப்பதும் ஒரு திறமைதான், பட்டியலில் அதை எழுதவே இல்லையே! சித்தாமை முட்டையிட வரும் பருவம் இது. 1988-இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு, ஜனவரியிலிருந்து பருவம் முடிகிறவரை இரவு இரவாக நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கரையோரமாக நடக்கிறது. சுமார் 7 கிலோமீட்டர். பார்க்க வரும் பொதுமக்கள் கூட்டம் வெள்ளி, சனி இரவுகளில்தான். வார நாட்களில் பழகியவர்கள் மட்டுமே நடப்பார்கள், அங்கேதான் கால்கள் தேவை.

ஈர மணலில் டிராக்டர் சக்கரம் ஓடியது மாதிரி இரண்டு வரிசைத் தடம் தெரியும். தடம் திரும்பும் இடத்தில் குச்சியால் மெதுவாக அழுத்திப் பார்ப்பார்கள். கெட்டி மணலில் குச்சி நிற்கும், கூட்டின் மேல் பொசுக்கென்று இறங்கும். அந்தக் குச்சியைப் பழகியவர் கையில்தான் கொடுப்பார்கள், அழுத்தம் கூடினால் முட்டை உடையும். குடம் போன்ற குழியில் நூறு முட்டை வரை இருக்கும், சில சமயம் அதற்கும் மேல். குழியின் ஆழம், அகலம் அளந்து பொரிப்பகத்தில் அதே அளவில் தோண்டி வைக்க வேண்டும். 45 நாளுக்கு மேல் ஆகும் குஞ்சு வர.

இது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். நீங்களாகப் போய் முட்டையைத் தொடக் கூடாது, குழுவோடு மட்டும்தான். மொபைல் டார்ச்சும் அடிக்கக் கூடாது, வெளிச்சத்தைக் கண்டால் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

ஒரு இரவு நடந்தும் ஒரு தடம்கூடக் கண்ணில் படாமல் போகலாம். செத்து ஒதுங்கிய ஆமைகளை எண்ணிவிட்டு வீடு திரும்பும் இரவும் உண்டு. அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

கோழிக்கோட்டுத்தமிழன், பிப்ரவரி 14, காலை 11:15

கணக்குப்பிள்ளை சாரின் ஆள், தாள் கணக்கோடு ஒரு சின்னச் சண்டை.

30 வருடமாக இங்கே உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். கோழிக்கோட்டில் 1993-இல் வலி தணிப்பு, ஆதரவுச் சிகிச்சைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். பின்னாளில் அது ஊர் ஊராக அக்கம்பக்கத்தாரே நடத்தும் வலையமைப்பாக வளர்ந்தது. வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும் என்பதுதான் நான் சேர்ந்தபோது கேட்ட நிபந்தனை. 16 மணி நேர வகுப்பு, நாலு நாள் வீட்டுச் சிகிச்சைக் குழுவோடு பயணம்.

வேலை முழுக்க ஆள் காத்திருக்கும் வேலைதான், அதுவும் படுக்கையில். ஆனாலும் 14 வருடமாக என்னால் தொடர முடிகிறது. காரணம், ஒரு வீட்டை எந்தத் தன்னார்வலரும் தனியாக ஏற்பதில்லை. கடையில் சரக்கு வந்துவிட்டால் நான் போக மாட்டேன், பக்கத்துத் தெரு டீச்சர் போவார். நோயாளிக்கு எங்கள் இருவரையும் தெரியும். எனவே ஷிஃப்ட்காரத் தம்பி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட வேண்டாம். தனியாக ஒப்புக்கொண்டதுதான் தப்பு. ஜோடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை, பிப்ரவரி 14, மதியம் 12:05

ஒப்புக்கொள்கிறேன். வங்கியில் லாக்கருக்கே இரண்டு சாவி. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஸ்கார்பரோ அக்கா, பிப்ரவரி 15, காலை 7:33

கனடாவிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. ஒன்ராறியோவில் உயர்பள்ளி முடித்துப் பட்டயம் வாங்க வேண்டும் என்றால் பிள்ளைகள் 40 மணித்தியாலம் சமூக சேவை செய்திருக்க வேண்டும். எங்கட மகன் பன்னிரண்டாம் வகுப்புவரை இழுத்தடித்து, கடைசியில் ஓடித்திரிந்து ஒரு உணவு வங்கியில் தகரப் பேணிகளைத் திகதி பார்த்துப் பிரிக்கிற வேலையில் சேர்ந்தவன். மணித்தியாலக் கணக்குக்காகப் போனவன் 40 முடிந்த பிறகும் சனிக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டால், "அங்கை ஒருத்தரும் என்னட்டை மார்க்ஸ் கேக்கிறேல்லை" என்கிறான்.

எனக்கு முழங்கால் வருத்தம், ஓடியாடி ஒன்றும் செய்ய ஏலாது. இங்குள்ள சனம் வீடு மாறும்போது பழைய இலங்கைச் சஞ்சிகைகளைக் குப்பையில் போடுவினம். அவற்றைத் திரட்டி, நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை அனுப்புவிக்கிறேன். 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கின வேலை அது. 1981-இல் யாழ் நூலகம் எரிந்ததைக் கண்ட வயது எனக்கு. ஒரு பழைய மலரைக் கூடக் கண் முன்னால் எறிய விட மாட்டேன்.

மட்டுறுத்துநர், பிப்ரவரி 15, காலை 10:00

இரண்டு பதிவுகளிலிருந்து தொலைபேசி எண்களை நீக்கியிருக்கிறேன், தனிமடலில் பகிருங்கள். பதிவுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் என்று தன்னார்வலரிடமே பணம் கேட்கும் இடங்களைப் பற்றி முன்பும் இங்கே புகார் வந்திருக்கிறது, விசாரித்துவிட்டுச் சேருங்கள். சிறுவர் இல்லம் என்றால் அவர்கள் உங்கள் அடையாள அட்டையைக் கேட்பதும் பின்னணி விசாரிப்பதும் நல்ல அறிகுறி, கோபப்படாதீர்கள். பிள்ளைகளின் படத்தை எங்கும் போடாதீர்கள்.

ஷிஃப்ட்காரன், ஏப்ரல் 28, மாலை 6:10

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத இரண்டரை மாதம் ஆகிவிட்டது, சும்மா இருக்கவில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கட்டம் போட்டேன். நாலு வாரத்தில் 22 மணி நேரம் மிஞ்சும் என்று வந்தது. மனைவியிடம் காட்டினேன். பேனாவை வாங்கி ரேஷன் கடை, அம்மாவின் கண் பரிசோதனை, "சும்மா உட்கார்ந்து டீ குடிப்பது" என்று மூன்று கட்டத்தை அடித்தாள். 14 ஆனது. அதில் பாதி ஏழு.

விக்கிமூலத்தில் இதுவரை 31 பக்கம் மஞ்சளாக்கியிருக்கிறேன். முதல் பக்கத்துக்கு 50 நிமிடம் ஆனது. எல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்ற திமிரில் இருந்தேன், பச்சையாக்கிய புண்ணியவான் என் ஒரே பக்கத்தில் நாலு "அவா்" பிடித்திருந்தார். மெய்ப்பர், அது நீங்கள்தானா?

கடற்கரைக்கு இரண்டு இரவு போனேன். முதல் இரவு ஒன்றுமே இல்லை. இரண்டாவது இரவு திருவான்மியூர் தாண்டி ஒரு கூடு. முட்டைகளைப் பையில் எடுத்து வைக்கும்போது எண்ணச் சொன்னார்கள், 112. பிங்பாங் பந்து மாதிரி இருந்தாலும் ஓடு தோல் மாதிரி லேசாக அமுங்குகிறது. ஆனால் பகல் ஷிஃப்ட் வாரத்தில் இது எனக்கு ஒத்துவராது, மறுநாள் ஆபீஸில் கண் சொருகிவிட்டது. அடுத்த வருடம் இரவு ஷிஃப்ட் வாரத்தின் விடுமுறை நாளில் மட்டும் வருகிறேன், ஈரமணல்.

சிறுவர் இல்லத்துக்குத் திரும்பப் போவதற்குத்தான் தைரியம் வரவில்லை. கோழிக்கோட்டு அண்ணன் சொன்னதை இரண்டு வாரம் மென்றுகொண்டிருந்துவிட்டு, ஆபீஸில் எனக்கு எதிர் ஷிஃப்ட் பார்க்கும் நண்பனையும் கூட்டிக்கொண்டு போனேன். புதன் மாலை, யாருக்கு முடிகிறதோ அவர். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம், யார் எந்தப் பாடத்தில் விட்டோம் என்று எழுதிவைக்க. அந்தப் பையன் நோட்டு மாற்றிவிட்டான். பின்னம் முடிந்துவிட்டதாம், இப்போது தசமம். என்னைவிட என் நண்பன் நன்றாகச் சொல்லித்தருகிறான் என்று மற்ற பிள்ளைகள் மூலம் தகவல் வந்தது.

கணக்குப்பிள்ளை சாரின் செருப்புப் பெட்டியும் இப்போது என்னிடம்தான். செவ்வாய்க்கிழமைகளில் தாம்பரம். மே 31 நெருங்குகிறது. 2015-இல் செய்த அதே வேலைதான், ஒவ்வொரு எண்ணுக்கும் போன் போட்டு, பான் எண் வாங்கி, பச்சையாக்குகிறேன். முக்கால்வாசிப் பேர் "லோன் வேண்டாம்" என்று வைத்துவிடுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை, ஏப்ரல் 28, இரவு 7:25

இவர் வந்த பிறகு எனக்கு மத்தியானத் தூக்கம் திரும்பக் கிடைத்திருக்கிறது. அது சரி தம்பி, இந்த வருடமும் மாடி வீட்டு மாமி பெயரில் ஒரு ரசீது இருந்ததே, ஆளைப் பிடித்தீர்களா?

ஷிஃப்ட்காரன், ஏப்ரல் 28, இரவு 7:40

பிடித்துவிட்டேன் சார். முழங்கால் வலியாம், மூன்று வருடமாகக் கீழ் வீட்டில்தான் இருக்கிறார்.